அத்தியாவசியப் பயணம்

போர்ட் சயீதுக்கு வெளியே நங்கூரம் போட்டு, சூயஸ் கால்வாய்க்குள் நுழைய எங்கள் முறை வருவதற்காகக் காத்திருந்தோம். 2011ஆம் ஆண்டு. அந்தச் சரக்குக் கப்பலில் நான் மூன்றாம் அதிகாரி. கேப்டன் எங்கள் 22 பேரையும் சாப்பாட்டு அறைக்கு வரச்சொல்லி ஒரு தாளை வாசித்தார். கப்பல் கடற்கொள்ளை அபாயமுள்ள பகுதி வழியாகச் செல்லப்போகிறது, விருப்பமில்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், ஊர் திரும்பும் செலவை நிறுவனம் ஏற்கும். அவ்வளவுதான். கீழே 22 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துக்கு இடம். ஒரே பேனா கைமாறிக் கைமாறிப் போயிற்று. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது.

கடைசியாகக் கையெழுத்திட்டவர் இயந்திர அறை மோட்டார்மேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கப்பலில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழர். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “போடாவிட்டால் அடுத்த ஒப்பந்தத்துக்குக் கூப்பிடுவார்களா சார்?” என்றார்.

“அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை அண்ணே. இறங்குவது உங்கள் உரிமை” என்றேன். விதியில் இருந்ததை அப்படியே சொன்னேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிரவு என் அறைக் கதவைத் தட்டினார். அவசரத் தொடர்புக்கு அவர் கொடுத்திருந்தது மனைவியின் தொலைபேசி எண். அதை எடுத்துவிட்டு மைத்துனரின் எண்ணைப் போடச் சொன்னார். “ஏதாவது ஆகிவிட்டால் முதல் போனை அவள் எடுக்கக் கூடாது சார்.” பழைய எண்ணை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதினேன்.

நான் கடலை விட்டுக் கரைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும், ஏதோ ஓர் அரசு ‘இந்த நாட்டுக்குச் செல்ல வேண்டாம்’ என்று தன் குடிமக்களை எச்சரித்த செய்தி வரும்போதெல்லாம் அந்தத் தாளும் பேனாவும் கண்முன் வந்து நிற்கின்றன. அந்த எச்சரிக்கைகளைத் தேடிப்பிடித்து வாசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நடை இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 முதல் உலக நாடுகளை நான்கு படிகளில் வைக்கிறது. முதல் படி வழக்கமான கவனம், நான்காவது ‘செல்லாதீர்கள்’. ஆஸ்திரேலியாவும் கனடாவும் இதேபோல நான்கு படி முறையைத்தான் வைத்திருக்கின்றன. பிரிட்டன் வரைபடத்தில் நிறம் பூசுகிறது. சிவப்பென்றால் எந்தப் பயணமும் வேண்டாம், மஞ்சளென்றால் அத்தியாவசியப் பயணம் தவிர வேறெதுவும் வேண்டாம். எது அத்தியாவசியம் என்று கேட்டால், அதை நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும் என்று அந்த அரசே எழுதி வைத்திருக்கிறது.

அந்த ஒற்றைச் சொல்லில்தான் என் மனம் பல ஆண்டுகளாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது. மோட்டார்மேன் அண்ணனின் பயணம் அத்தியாவசியமா? அவர் வீட்டில் கேட்டால் ஒரு பதில் வரும், காப்பீட்டு நிறுவனத்தில் கேட்டால் வேறொரு பதில் வரும். அரசின் அறிவுரையை மீறிப் போனால் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் செல்லாது.

இப்படிச் சொல்வதால் எச்சரிக்கைகளே வேண்டாம் என்பவன் நான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவை பொதுமக்கள் கைக்கு வந்ததே பெரிய துயரத்துக்குப் பிறகுதான். 1988 டிசம்பர் 5ஆம் தேதி ஹெல்சிங்கியில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தைத் தொலைபேசியில் அழைத்த ஒருவர், இரண்டு வாரங்களுக்குள் பிராங்பர்ட்டிலிருந்து அமெரிக்கா செல்லும் பான் ஆம் விமானம் ஒன்றில் குண்டு வெடிக்கும் என்றார். செய்தி மற்ற தூதரகங்களுக்குப் போயிற்று. மாஸ்கோ தூதரகத்தில் அதை ஊழியர்களுக்கான அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். டிக்கெட் வாங்கிய பொதுமக்களிடம் யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 21 அன்று, பிராங்பர்ட்டிலிருந்து இணைப்பு விமானத்தில் வந்தவர்களையும் லண்டனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பான் ஆம் 103 ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகருக்கு மேல் வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும் தரையில் இருந்த 11 பேரும் இறந்தார்கள்.

அந்தத் தொலைபேசி அழைப்பு வெறும் புரளி, குண்டுவெடிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பின்னர் விசாரணையில் முடிவானது. ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த விளக்கம் எப்படிப் போதும்? தூதரக ஊழியர் பலகையைப் படித்துவிட்டு வேறு விமானத்தில் இடம் மாற்றிக்கொள்ள முடியும். விடுமுறைக்கு வீடு திரும்பும் கல்லூரி மாணவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. குடும்பங்கள் விடாமல் போராடின. 1990இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அரசு தன் அதிகாரிகளுக்குச் சொல்லும் ஆபத்துச் செய்தியைப் பொதுமக்களிடமிருந்து மறைக்கக் கூடாது என்பது அங்கே நிலையான கொள்கையானது. இன்று எவரும் வீட்டிலிருந்தபடியே ஒரு நாட்டின் நிலவரத்தைப் படிக்க முடிகிறதென்றால், அதில் அந்த 270 உயிர்களின் பங்கு இருக்கிறது. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன்.

எச்சரிக்கை சில நேரம் தாமதமாகவும் வரும். துனிசியாவின் சூஸ் கடற்கரையில் 2015 ஜூன் 26 அன்று ஒரே துப்பாக்கிக்காரன் 38 பேரைக் கொன்றான். அவர்களில் 30 பேர் பிரிட்டிஷார். அதே ஆண்டு மார்ச்சில் தலைநகரின் பார்டோ அருங்காட்சியகத்தில் தாக்குதல் நடந்திருந்தும், சூஸுக்குப் போக வேண்டாம் என்று பிரிட்டன் சொல்லியிருக்கவில்லை. கொலைகள் நடந்து இரு வாரங்களுக்குள் அநேகமாக நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. அது தளர இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை அந்தக் கடற்கரையை நம்பிப் பிழைத்த துனிசியர்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடலுக்கு வருகிறேன்.

ஏமனுக்கும் சோமாலியாவுக்கும் நடுவில் உள்ள ஏடன் வளைகுடாவில் கப்பல்கள் செல்வதற்கென்று ஒரு பாதை வகுத்திருந்தார்கள். ஏறத்தாழ 490 கடல் மைல் நீளம். போக ஒன்று, வர ஒன்று என ஐந்து மைல் அகலத்தில் இரண்டு தடங்கள், நடுவில் இரண்டு மைல் இடைவெளி. மணிக்கு 18 கடல் மைலுக்கு மேல் ஓடும் கப்பலில் கொள்ளையர் ஏறியதாகத் தகவல் இல்லை என்று எங்களிடம் இருந்த வழிகாட்டி நூல் சொன்னது. நாங்கள் முழுச் சுமையோடு 12 மைல் வேகத்தில் போனோம். மேல்தளம் நீர்மட்டத்துக்கு அருகில் இருந்தது. அந்தப் பாதையைக் கடக்க எங்களுக்கு 41 மணி நேரம் பிடிக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

கம்பித்தடுப்பு நெடுக முள்கம்பிச் சுருளைக் கட்டினோம். தீயணைப்புக் குழாய்கள் என் பொறுப்பு. அவற்றை வெளிப்பக்கம் பார்த்து இறுக்கிக் கட்டி நாள் முழுவதும் தண்ணீரைப் பீய்ச்ச விட்டோம். பின்புறம் சுக்கான் இயந்திர அறையில் குடிநீர், பிஸ்கட், ஒரு வாளி, ஒரு செயற்கைக்கோள் தொலைபேசி. கொள்ளையர் ஏறிவிட்டால் 22 பேரும் உள்ளே புகுந்து தாழிட்டுக்கொண்டு போர்க்கப்பல் வரும்வரை இருக்க வேண்டிய இடம் அது. வேலையின்போது உடல் முழுவதும் மூட அணியும் பாய்லர் சூட்டுகளில் பழையவற்றை எடுத்து, கந்தல் துணியை அடைத்துக் காவலாளி மாதிரி பொம்மைகள் செய்து தளத்தில் நிறுத்தினோம். அவற்றில் ஒன்று மோட்டார்மேன் அண்ணனுடைய சூட்டு. எண்ணெய்க் கறை படிந்த அந்த முதுகை இரவுக் காவலில் பார்க்கும்போதெல்லாம் அவரே அங்கே நிற்பதாக மனம் ஒரு நொடி நம்பும்.

இரண்டாம் நாள் காலை தெற்கிலிருந்து ஒரு சிறு படகு எங்களை நோக்கி வந்தது. தொலைநோக்கியில் முதலில் தேட வேண்டியது ஏணியை. கொக்கி வைத்த ஏணி இருந்தால் கொள்ளையர். மனிதர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கை நடுங்கியதால் படகு கண்ணாடிக்குள் நிற்கவே இல்லை. எச்சரிக்கை மணியை அழுத்த விரலை வைத்துவிட்டேன். அப்போது முன்னால் நின்றவர் எதையோ தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். நீல நிறத் தண்ணீர்க் கேன். வெறும் கேன். காலடியில் வலை குவிந்து கிடந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த மீனவர்கள். நாங்கள் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைக்க அனுமதி இல்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி, கேரளக் கடற்கரைக்கு அப்பால் இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு வந்த படைவீரர்கள், கொள்ளையர் என்று எண்ணி ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். செய்தியைக் கேட்டதும் அந்த நீலக் கேன்தான் நினைவுக்கு வந்தது. 2010இல் கப்பல் துறையினர் வகுத்த ‘உயர் அபாயப் பகுதி’ கிழக்கே 78ஆம் தீர்க்கரேகை வரை நீண்டிருந்தது. இந்தியாவின் மேற்குக் கடற்கரை முழுவதும் அதற்குள் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்துவந்த நீர்ப்பரப்பு, ஒரு கோடு இழுத்ததும் அபாயப் பகுதியானது. அபாயப் பகுதியில் வரும் படகு கொள்ளையர் படகாகத்தான் கண்ணுக்குத் தெரியும். எனக்கே அப்படித்தான் தெரிந்தது. இந்தியா வற்புறுத்தியபின் 2015 டிசம்பரில் கோடு 65ஆம் ரேகைக்குத் தள்ளிப்போயிற்று. அந்த இரண்டு குடும்பங்களுக்கு அது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிந்திய திருத்தம்.

கோடு என்பது கடலில் கிடப்பதில்லை. காப்பீட்டுக்காரர்கள், கப்பல் உரிமையாளர்கள், அரசுகள் கூடிப் பேசி வரைவது. சோமாலியக் கொள்ளை அடங்கிவிட்டது என்று 2023 ஜனவரி 1ஆம் தேதி அந்த அபாயப் பகுதியையே முற்றிலும் நீக்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ‘ரூயன்’ என்ற சரக்குக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தார்கள். அதிலிருந்த 17 பேரை 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை மீட்டது.

பாய்மரப் படகில் உலகம் சுற்றுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுமக்களின் கோபம் முதலில் அவர்கள் மீதுதான் பாய்கிறது. 2009 அக்டோபரில் சீஷெல்ஸிலிருந்து டான்சானியாவை நோக்கிப் போன, ஐம்பதைத் தாண்டிய பிரிட்டிஷ் தம்பதி 388 நாள் சோமாலியாவில் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் படகு பிடிபட்டது. படகில் மூன்று வயதுக் குழந்தை. அதிகாரிகள் அவர்களை முன்பே எச்சரித்திருந்தார்கள். மீட்பு நடவடிக்கையில் குழந்தையின் தந்தை உயிரிழந்தார். 2011 பிப்ரவரியில் நான்கு அமெரிக்கர்கள் தங்கள் படகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இவர்களுக்குத் தேர்வு இருந்தது, வேறு வழியில் போயிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் ‘சொன்னதைக் கேட்காமல் போனால் இப்படித்தான்’ என்று இறந்தவர்களைப் பார்த்துச் சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகிய நாக்கு, அடுத்து தேர்வே இல்லாதவர்களையும் பார்த்து அதையே சொல்கிறது.

அப்படிப்பட்டவர்கள்தான் ஏராளம். 2010ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் கடற்கொள்ளையரிடம் பிணைக்கைதிகளான கப்பல் ஊழியர்கள் 1,181 பேர். செய்திகளில் பெயரும் முகமும் வந்தது படகுத் தம்பதிகளுக்கு. 2010 மார்ச்சில் பிடிபட்ட ‘ஐஸ்பெர்க் 1’ கப்பலில் ஏமன், இந்தியா, கானா, சூடான், பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் எனப் பல நாட்டினர் 24 பேர் இருந்தார்கள். எஞ்சியவர்கள் 2012 டிசம்பரில் வெளியே வந்தபோது ஏறத்தாழ 1000 நாள் ஆகியிருந்தது. அந்த நாள்களுக்கெல்லாம் சம்பளம் உண்டா என்பதே அப்போது தெளிவாக இல்லை. கொள்ளையர் பிடியில் இருக்கும் காலத்துக்கும் ஊதியம் தொடர வேண்டும் என்ற சர்வதேச விதி 2020 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

நிலத்திலும் இதே கதை. 2004 ஆகஸ்டில் இராக்கில் 12 நேபாளத் தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் கொன்றார்கள். அவர்களுக்கு வேலை என்று சொல்லப்பட்ட இடம் ஜோர்டான். அங்கே இறங்கியபின்தான் வண்டி இராக்குக்குத் திரும்பியது. இராக்குக்குப் போகாதே என்று அவர்களிடம் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் என்ன பயன்? அவர்கள் இராக்குக்குக் கிளம்பவே இல்லையே. அதே ஆண்டு பிலிப்பைன்ஸ் தன் தொழிலாளர்களை இராக்குக்கு அனுப்பத் தடை விதித்து, கடவுச்சீட்டிலேயே ‘இராக் பயணத்துக்குச் செல்லாது’ என்று முத்திரை குத்தியது. அதன் பிறகும் அண்டை நாடுகள் வழியாக ஆயிரக்கணக்கானோர் போனார்கள். தடை அவர்களை நிறுத்தவில்லை. அரசின் பதிவேட்டிலிருந்து மறைத்துவிட்டது.

தடை பிழைப்பில் கைவைத்ததும் உண்டு. இந்தியாவின் கப்பல் துறைத் தலைமை இயக்ககம் 2010இல், ஓமானின் சலாலாவையும் மாலத்தீவின் மாலேயையும் இணைக்கும் கோட்டுக்குத் தெற்கிலும் மேற்கிலும் மரக்கலங்கள் செல்லக் கூடாது என்றது. சோமாலியத் துறைமுகங்களுக்குச் சரக்கு ஏற்றிப் பழகிய மரக்கல மாலுமிகளுக்கு அது வேலையையே இழப்பது. உயிரைக் காக்கும் உத்தரவுதான், சந்தேகமில்லை. ஆனால் அடுத்த மாதம் அடுப்பெரிய என்ன செய்வது என்பதற்கு அந்த உத்தரவிடம் பதில் இல்லை.

அமெரிக்க வெளியுறவுத் துறை, மிக ஆபத்தான இடங்களுக்குப் போகிறவர்களுக்குச் சில அறிவுரைகள் தருகிறது. உயில் எழுதி வையுங்கள். நீங்கள் பிணைக்கைதியானால் உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய, குடும்பத்தினருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியையும் பதிலையும் பேசி வையுங்கள். மருத்துவரிடம் டிஎன்ஏ மாதிரி கொடுத்து வையுங்கள். முதல்முறை படித்தபோது கடைசி வரி எனக்குக் கொடூரமாகப் பட்டது. பிறகு இராக்கின் மோசுல் நகரிலிருந்து செய்தி வந்தது. 2014 ஜூனில் அங்கே கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் உயிரோடு இல்லை என்று 2018 மார்ச் 20 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். மோசுலுக்கு அருகே பாதூஷில் ஒரு மண்மேட்டுக்கு அடியில் கிடந்த உடல்களைக் குடும்பத்தினரின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டுத்தான் இன்னார் என்று கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்த வீடுகள் நம்பிக்கையோடு காத்திருந்தன. அந்த அறிவுரையை எழுதியவர் இப்படி எத்தனை வீடுகளைப் பார்த்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். எச்சரிக்கையோடு மறுக்கும் உரிமையும் சேர்ந்து வர வேண்டும். கப்பல் தொழிற்சங்கங்களும் உரிமையாளர்களும் போட்ட சர்வதேச ஒப்பந்தத்தில் அது இருக்கிறது. போர் நடக்கும் பகுதி என்று அறிவித்த கடலுக்குள் போக மாலுமி மறுக்கலாம், நிறுவனச் செலவில் வீடு திரும்பலாம். போக ஒப்புக்கொண்டால் அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான தொகை கூடுதலாக உண்டு. இறந்தாலோ ஊனமுற்றாலோ இழப்பீடு இரட்டிப்பு. செங்கடலில் ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினரின் தாக்குதல் தொடங்கியபின் 2024இல் இது உயிர்நாடியான விதியாயிற்று. அந்த மார்ச் 6ஆம் தேதி ‘ட்ரூ கான்ஃபிடென்ஸ்’ கப்பல் மீது ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள். 2023 நவம்பரில் அவர்களிடம் பிடிபட்ட ‘கேலக்ஸி லீடர்’ கப்பலின் 25 பேர் 14 மாதங்களுக்குப் பிறகே விடுதலையானார்கள்.

ஆனால் ஏட்டில் இருக்கும் உரிமை வேறு, சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னிலையிலும் கை தூக்குவது வேறு. அன்று நான் மோட்டார்மேன் அண்ணனுக்குச் சொன்ன பதில் விதிப்படி சரி. அவர் கேட்டது விதியை அல்ல என்று எனக்கு அப்போதே தெரியும். அடுத்த ஒப்பந்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் இருக்கும்வரை அந்தக் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மறுத்தவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறக் கூடாது. அவர் வேலைக்கு அடுத்த கப்பல் உறுதியாக இருக்க வேண்டும். நிலத்தில் வேலைக்குப் போகும் செவிலியருக்கும் ஓட்டுநருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் பெரும்பாலும் இந்த அளவு உரிமைகூட எழுத்தில் இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது எச்சரிக்கை மட்டும்.

எங்கள் கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏடன் வளைகுடா முடிந்தும் அபாயப் பகுதி முடியவில்லை. அரபிக் கடலிலும் பல நாள் இரட்டைக் காவல் தொடர்ந்தது. ஒருநாள் விடியற்காலை இரண்டாம் அதிகாரி வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டு, 78ஐத் தாண்டிவிட்டோம் என்றார். முள்கம்பியை அவிழ்க்கப் பாதி நாள் ஆயிற்று, கையுறை போட்டும் எல்லோர் கையிலும் கீறல். பொம்மைகளின் வயிற்றிலிருந்து கந்தலை எடுத்துவிட்டுச் சூட்டுகளைத் துவைக்கப் போட்டார்கள்.

மாலையில் மோட்டார்மேன் அண்ணன் வந்தார். எண்ணெய்க் கை படாமல் இருக்க முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“அந்த எண்ணைத் திருப்பி மாற்றிவிடுங்கள் சார்.”

அடித்த கோட்டுக்கு அடியில் பழைய எண் தெரிந்தது. ஆனாலும் அவர் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச் சொல்ல, நான் புதிதாக எழுதினேன்.